ஓய்வூதியச் சேமிப்பு, சம்பளம், வீட்டு மதிப்பு: மூன்றில் எது வேகமாக வளர்கிறது என்று எப்படிப் பார்ப்பது?

ஓய்வூதியக் கணக்கு ஒரே வருடத்தில் 25% ஏறியிருக்கிறது, சம்பள உயர்வும் வீட்டு விலையும் அதற்குக் கிட்டேகூட வரவில்லை என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். முதலில் அந்த 25%ஐப் பிரித்துப் பார்த்துவிடுவோம்.

வருடத் தொடக்கத்தில் இருப்பு 40, முடிவில் 50 என்று வைத்துக்கொள்ளுங்கள். இடையில் மாதாமாதம் சேர்ந்தது, உங்கள் பங்கும் நிறுவனத்தின் பங்குமாக, 7. ஆக, பணம் தானாக ஈட்டியது 3தான். அந்த 7 கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வந்ததால் சராசரி இருப்பு 43.5, அதற்கு 3 என்றால் ஏறக்குறைய 7%. மீதி ஏற்றமெல்லாம் உங்கள் உழைப்பில் வந்த பணம்தான், பை மாறியிருக்கிறது. கணக்கு அறிக்கையில் 'பங்களிப்பு', 'வட்டி' என்று தனித்தனி வரிகளே இருக்கும். யாரும் அதைப் படிப்பதில்லை, கண் நேராகக் கடைசி எண்ணுக்குப் போய்விடுகிறது. பல வருடக் கணக்கு என்றால் தேதிவாரியாகப் போட்டு எக்செலில் எக்ஸ்ஐஆர்ஆர் (XIRR, பணம் போட்ட தேதிகளையும் சேர்த்து வருட வருவாய் சதவீதத்தைச் சொல்லும் சூத்திரம்) பார்ப்பது நல்லது.

அடுத்த சிக்கல், சம்பளம் வருடா வருடம் வந்து போவது. மற்ற இரண்டும் குவிந்து கிடப்பவை. சதவீதத்தை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்றும் புரியாது. நான் இரண்டையும் 'எத்தனை வருடச் சம்பளம்' என்று மாற்றி எழுதிக்கொள்கிறேன். அன்றைய இருப்பை அன்றைய வருடச் சம்பளத்தால் வகுத்தால் போதும். பணவீக்கத்தைப் பற்றித் தனியாகத் தலையை உடைத்துக்கொள்ளும் வேலையும் பெருமளவு குறைகிறது.

இப்படிப் பார்த்தால் சில விஷயங்கள் சுருக்கென்று தைக்கும். சம்பளத்தில் 20% வீதம் 30 வருடம் போடுகிறீர்கள். வட்டியும் சம்பள உயர்வும் ஒரே அளவு என்றால், கடைசியில் கையில் இருப்பது சரியாக 6 வருடச் சம்பளம். அதாவது 30 வருடக் கூட்டுவட்டி செய்த வேலை, சம்பளத்தோடு கூடவே ஓடியது மட்டும்தான். வட்டி 8%, சம்பள உயர்வு 7% என்றால் அது சுமார் 6.9 வருடச் சம்பளம் ஆகிறது. இணையத்துக் கால்குலேட்டர்கள் பல, சம்பளம் ஏறுவதையே மறந்துவிட்டுப் பெரிய தொகை ஒன்றைக் காட்டி ஆசை மூட்டும்.

'என் சேமிப்பு என்னைவிட அதிகம் சம்பாதிக்கிறது' என்று சிலர் சொல்லிக்கொள்வதையும் இதே கணக்கில் சோதிக்கலாம். 8% வட்டியில் அது நடக்க 12.5 வருடச் சம்பளம் சேர்ந்திருக்க வேண்டும். 5% என்றால் 20 வருடச் சம்பளம். சம்பளம் தேங்கி நின்றவர்களுக்கு இது சீக்கிரமே நடந்துவிடும் என்பதால், அதில் பெருமைப்பட எவ்வளவு இருக்கிறது என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

வீட்டுக்கு வருவோம். 6 வருடச் சம்பளத்துக்கு வாங்கிய வீடு வருடம் 5% ஏறுகிறது, சம்பளம் 7% ஏறுகிறது. 20 வருடம் கழித்து விலை 2.65 மடங்கு; கேட்பவர்கள் வாயைப் பிளப்பார்கள். ஆனால் சம்பளக் கணக்கில் அந்த வீடு 4.1 வருடத்துக்கு இறங்கியிருக்கும்.

இதை வைத்து வீடு வீண் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். ஆஸ்கர் ஜோர்டா உள்ளிட்ட ஐந்து பொருளியலாளர்கள் 16 வளர்ந்த நாடுகளின் 1870 முதல் 2015 வரையிலான தரவைத் தொகுத்தார்கள். பணவீக்கம் போக, வீடும் பங்குகளும் ஆண்டுக்குச் சுமார் 7% என்ற அளவில் கிட்டத்தட்ட சமமாகவே ஈட்டியிருந்தன. ஆனால் வீட்டின் வருவாயில் ஏறக்குறைய பாதி வாடகை. நீங்களே குடியிருந்தால், கொடுக்காமல் மிச்சமான வாடகைதான் அந்தப் பாதி. அது எந்த அறிக்கையிலும் அச்சாகி வராது. பராமரிப்பும் வரியும் மட்டும் ரசீதோடு வந்துவிடும்.

கடன் இருந்தால் கணக்கு இன்னும் குழம்பும். 100க்கு வாங்கிய வீட்டில் உங்கள் கைப்பணம் 20 என்றால், விலை 130 ஆகும்போது வட்டிக்கு முன் லாபம் 30, போட்ட பணத்தைப்போல ஒன்றரை மடங்கு. விலை 80க்கு இறங்கினால் போட்டது மொத்தமும் காலி. இந்த ஒன்றரை மடங்கை ஓய்வூதியக் கணக்கின் 7%க்குப் பக்கத்தில் வைப்பது நியாயமே இல்லை.

என் ஷீட்டில் வீட்டுக்கான கட்டத்தில் சந்தை விலையைப் போடுவதில்லை. கடன் பாக்கி, தரகு, விற்றால் கட்டவேண்டிய வரி எல்லாம் கழித்து, அதிலிருந்து இதைவிடச் சின்ன வீடு ஒன்றை வாங்கும் விலையையும் கழித்துவிட்டு, மிச்சமிருப்பதை மட்டும் எழுதுகிறேன். எங்காவது குடியிருந்துதானே ஆகவேண்டும்.