வண்டியோடு வரும் கழிவை எங்கே இறக்குவது? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கழிப்பறை பொருத்திய வேன்கள் சேலம் அடிவாரத்தைக் கடந்து ஏற்காடு ஏறுவது இப்போது வழக்கமாகிவிட்டதால், அவற்றின் கழிவுத் தொட்டி குறித்து வந்த கேள்விகளை ஒன்றாகத் தொகுத்துப் பதில் எழுதுகிறேன். செப்டிக் டேங்க் பற்றிய இரண்டு கேள்விகளும் இதே விஷயத்தைத் தொடுவதால் அவற்றையும் சேர்த்துக்கொண்டேன்.

டெம்போ டிராவலரில் சிறு கழிப்பறையும் 40 லிட்டர் மலத்தொட்டியும் வைத்திருக்கிறோம். ஐந்து பேர் மூன்று நாள் ஏற்காட்டில் தங்கப் போகிறோம். தொட்டி நிறைந்தால் எங்கே காலி செய்வது? – அஸ்தம்பட்டி வாசகர்

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். ஒருவர் நாளொன்றுக்கு ஐந்து முறை சென்று, ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு லிட்டர் தண்ணீர் விட்டால்கூட, ஐந்து பேருக்கு 25 லிட்டர் ஆகிறது. நம்மவர்கள் கழுவும் தண்ணீரையும் சேர்த்தால், இரண்டாம் நாள் காலையிலேயே உங்கள் தொட்டி நிறைந்துவிடும். ஆகவே பகலில் உணவகம், பொதுக் கழிப்பறை ஆகியவற்றைப் பயன்படுத்திக்கொண்டு, வண்டியின் கழிப்பறையை இரவுக்கு மட்டும் என்று வைத்துக்கொண்டால்தான் மூன்று நாளைக்குத் தாங்கும்.

அமெரிக்காவில் உள்ளதுபோல, வண்டியை நிறுத்திக் குழாயைச் செருகிக் கழிவை இறக்குவதற்கென்றே கட்டிய மேடையை நம் மலைப்பாதையில் எதிர்பார்க்க முடியாது. நீங்கள் செய்யக்கூடியது, காலித் தொட்டியோடு ஏறி, நிறைந்த தொட்டியோடு இறங்கி, உங்கள் வீட்டுக் கழிப்பறைக் குழாய் செப்டிக் டேங்குக்குள் நுழையும் முன் உள்ள சேம்பரில் மெதுவாக இறக்கிவிடுவதுதான். வீடு பாதாளச் சாக்கடையில் இணைக்கப்பட்டிருந்தால் அந்த இணைப்புச் சேம்பரே போதும். 40 லிட்டருக்காகச் செப்டிக் டேங்க் லாரியைக் கூப்பிட்டால் ஓட்டுநர் சிரித்துவிடுவார். அவருடைய தொட்டி பல ஆயிரம் லிட்டர் கொள்ளும். நூற்றுக்கணக்கான லிட்டர் தேக்கும் பெரிய கேரவன் வைத்திருப்பவர்கள் மட்டும், உள்ளாட்சியின் உரிமம் பெற்ற லாரியை முன்கூட்டியே ஏற்பாடு செய்து, அது சுத்திகரிப்பு நிலையத்துக்குத்தான் போகிறதா என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

தெருவோரச் சாக்கடையில் மட்டும் திறந்துவிடாதீர்கள். மலையிலும் கூடாது. சேர்வராயன் மலையில் மண் பல இடங்களில் ஆழமில்லாதது. அதன் கீழே வெடிப்பு விட்ட பாறை. மேலே கொட்டிய தண்ணீர் மண்ணில் தங்கி வடிகட்டப்படாமல் வெடிப்பு வழியே இறங்கி, கீழே ஏதோ ஒரு ஊரின் ஊற்றில் வெளிப்படும். ஏற்காடு ஏரியின் உபரிநீர் கிளியூர் அருவிக்குப் போகிறது. இந்த மலையில் பிறக்கும் திருமணிமுத்தாறு சேலம் நகருக்குள்ளேயே வந்து, பின்னர் காவிரியில் கலக்கிறது. மலையில் கொட்டியது சேலத்துக்காரர் வீட்டு வாசலுக்கே திரும்பி வருகிறது என்பதை நான் உவமையாகச் சொல்லவில்லை.

பாத்திரம் கழுவிய தண்ணீரையாவது சாலையோரம் விடலாமா? – கோரிமேடு வாசகர்

வேண்டாம். எண்ணெயும் சோப்பும் சோற்றுப் பருக்கையும் கலந்த அந்தத் தண்ணீர் ஒரே நாளில் நாறத் தொடங்கும். பருக்கைக்குக் குரங்கு வரும். ஏற்காட்டுச் சாலையில் குரங்குகளுக்கு ஏற்கெனவே தீனி அதிகம்.

மகன் அமெரிக்காவில் இருக்கிறான். அடுத்த ஆண்டு கேரவன் வாடகைக்கு எடுத்துக் கிராமப்புறங்களைச் சுற்றலாம் என்கிறான். அங்கே கழிவை இறக்கும் வேலையை நாமே செய்ய வேண்டுமாமே? – செவ்வாய்ப்பேட்டை வாசகர்

ஆம், நாமேதான் செய்ய வேண்டும். அதற்கென்று ஆள் வைப்பதில்லை. ஒரு முறை பழகிவிட்டால் கால் மணி நேர வேலை.

இடம் தேடுவதைப் பொறுத்தவரை, கிராமப்புறத்தில் முதலில் பார்க்க வேண்டியவை மாநிலப் பூங்காக்களும் முகாம் திடல்களும். தங்காதவர்களையும் சிறு கட்டணம் வாங்கிக்கொண்டு அனுமதிக்கும் திடல்கள் உண்டு. அடுத்து, நெடுஞ்சாலையில் லாரிகள் நிற்கும் பெரிய எரிபொருள் நிலையங்கள். வாஷிங்டன், அயோவா போன்ற சில மாநிலங்களில் நெடுஞ்சாலை ஓய்விடங்கள் சிலவற்றிலும் இந்த வசதி உண்டு. பலரும் மறந்துவிடுவது சிற்றூர்களின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களை. அவற்றில் சில, வாசலிலேயே வண்டிகளுக்கென்று ஒரு துளை அமைத்திருக்கின்றன. குளிர்காலத்தில் தண்ணீர்க் குழாய் உறைந்துவிடும் என்பதால் வடக்கு மாநிலங்களில் பல இடங்களை மூடிவிடுவார்கள். அதனால் கைபேசியில் காட்டும் வரைபடத்தை மட்டும் நம்பாமல், புறப்படும் முன் தொலைபேசியில் கேட்டுவிடுவது நல்லது.

வண்டியில் இரண்டு கழிவுத் தொட்டிகள் இருக்கும். ஒன்று மலத்துக்கு, மற்றொன்று குளித்த, கழுவிய தண்ணீருக்கு. கையுறை அணிந்து, வண்டியின் வெளிவாயில் குழாயைத் திருகிப் பொருத்தி, மறுமுனையைத் தரையிலுள்ள துளைக்குள் விட்டு, அதன்மேல் ஒரு கல்லையோ துளையின் மூடியையோ பாரமாக வைக்க வேண்டும். இந்தக் கடைசி வேலையைத்தான் நான் முதல் முறை விட்டுவிட்டேன். வால்வை இழுத்ததும் குழாய் பாம்புபோல ஒரு முறை நெளிந்து, துளையை விட்டுத் துள்ளி, என் செருப்பின் மேலேயே விழுந்தது. அந்தச் செருப்பை அங்கேயே குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வெறுங்காலோடு வண்டி ஏறினேன்.

முதலில் மலத்தொட்டியின் வால்வைத் திறந்து, சத்தம் அடங்கும்வரை பொறுத்திருந்து, அதை மூடிய பிறகே மற்றத் தொட்டியைத் திறக்க வேண்டும். சோப்புத் தண்ணீர் பின்னால் வந்து குழாயைக் கழுவிவிடும். வரிசையை மாற்றினால் இந்த வசதி போய்விடும். மலத்தொட்டி மூன்றில் இரண்டு பங்காவது நிறையும்வரை காத்திருப்பது நல்லது. தண்ணீரின் வேகம் இருந்தால்தான் கெட்டியானதையும் இழுத்துக்கொண்டு போகும். முகாமில் நிரந்தர இணைப்பு கிடைத்தாலும் மலத்தொட்டி வால்வைத் திறந்தே வைத்துவிடக் கூடாது. தண்ணீர் மட்டும் ஓடிப்போய், மற்றது அடியில் குவிந்து களிமண்ணாக இறுகிவிடும்.

அங்கே இரண்டு தண்ணீர்க் குழாய்கள் இருக்கலாம். குழாய் கழுவுவதற்கானதில் அது குடிநீர் அல்ல என்று எழுதியிருக்கும். அந்தக் குழாயில் செம்பு பிடிக்காதீர்கள். கழிவுக் குழாயைக் குடிநீர்க் குழாயருகே கொண்டுபோகவும் வேண்டாம். பின்னால் வண்டிகள் வரிசையில் நிற்கும் என்பதால், முடிந்ததும் இடத்தைக் கழுவிவிட்டு நகர்ந்துவிட வேண்டும்.

நாகலூரில் சிறு தங்கும் விடுதி நடத்துகிறோம். கேரவனில் வருபவர்கள் எங்கள் செப்டிக் டேங்கில் இறக்கிக்கொள்ளலாமா என்று கேட்கிறார்கள். அனுமதிக்கலாமா? – ஏற்காடு வட்ட வாசகர்

மூன்று விஷயங்களைப் பார்த்துவிட்டு அனுமதிக்கலாம். முதலாவது மருந்து. வண்டித் தொட்டியில் நாற்றம் தெரியாமலிருக்க ஊற்றும் நீல நிறத் திரவங்களில் சில, ஃபார்மால்டிஹைடு போன்ற கிருமிக்கொல்லிகளைக் கொண்டவை. உங்கள் செப்டிக் டேங்க் வேலை செய்வதே கிருமிகளால்தான். அவற்றைக் கொன்றால் கசடு செரிக்காமல் அப்படியே நிற்கும். ஏற்காட்டுக் குளிரில் அவை ஏற்கெனவே மந்தமாகத்தான் வேலை செய்யும். புட்டியை வாங்கிப் பார்த்து, உயிரியல் வகை மருந்து என்றால் மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள்.

இரண்டாவது வேகம். நூறு லிட்டர் ஒரே மூச்சில் விழுந்தால் அடியில் படிந்த கசடு கலங்கி, வெளிக்குழாய் வழியாக உறிஞ்சுகுழிக்குப் போய் அதன் துளைகளை அடைத்துவிடும். வால்வைக் கால்வாசி மட்டும் திறக்கச் சொல்லுங்கள். குளியலறைத் தண்ணீரை இதில் விடவே வேண்டாம்.

மூன்றாவதும் முக்கியமானதும் உங்கள் உறிஞ்சுகுழியின் இடம். குடிநீர்க் கிணற்றிலிருந்து குறைந்தது 18 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்பது நம் நாட்டுக் கட்டுமான விதி. மேற்சொன்ன வெடிப்புப் பாறையை நினைத்தால், மலையில் அது எனக்குப் போதுமானதாகத் தோன்றவில்லை. உங்கள் விடுதிக்குக் கீழ்ச்சரிவில் ஊற்றோ கிணறோ இருந்தால், எத்தனை மீட்டரானாலும் வெளியாள் கழிவை வாங்காதீர்கள். டேங்கில் கசடு மூன்றில் ஒரு பங்கை எட்டியிருந்தாலும் வேண்டாம். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒரு முறை கசடு எடுப்பது விடுதிக்காரருக்குக் கட்டாயமான செலவு.

காபித் தோட்டத்தில் செப்டிக் டேங்க் கசடை உரமாக விடலாம் என்று லாரிக்காரர் சொல்கிறார். செலவும் மிச்சம் என்கிறார். – வாழவந்தி வாசகர்

மிச்சம் அவருக்கு, சுத்திகரிப்பு நிலையத்துக்கு மலையிறங்கும் டீசல் மிச்சமாகிறது. கசடில் தழைச்சத்தும் மணிச்சத்தும் இருப்பது உண்மைதான். ஆனால் பச்சைக் கசடில் உருண்டைப் புழுவின் முட்டைகள் மாதக்கணக்கில், ஈரமான நிழல் மண்ணில் அதற்கும் மேலாக, உயிரோடு இருக்கும். காபித் தோட்டத்தின் நிழலும் ஈரமும் அவற்றுக்கு ஏற்ற இடம். அங்கே களை எடுப்பவர்களும் பழம் பறிப்பவர்களும் வெறுங்கையோடுதான் மண்ணைத் தொடுகிறார்கள். வெயிலில் நன்கு உலர்த்தி, மற்றக் கழிவோடு சேர்த்துச் சூடேற மக்கவைத்த பிறகு கிடைப்பதுதான் உரம். லாரியிலிருந்து நேரே வருவது உரமல்ல. 1974ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டம், கழிவை ஓடையிலோ கிணற்றிலோ நிலத்திலோ விடுவதைத் தடுக்கிறது. மறுத்துவிடுங்கள்.

வண்டித் தொட்டியில் நாற்றம் தாங்கவில்லை. பினாயில், ஆசிட் ஊற்றலாமா? – ஜங்ஷன் பகுதி வாசகர்

ஆசிட் ரப்பர் வளையத்தைத் தின்றுவிடும். பிளீச்சிங் பவுடரோடு சேர்ந்தால் விஷவாயு வரும். காற்றுப்போக்கிக் குழாய் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். நாற்றத்துக்குப் பெரும்பாலும் அதுதான் காரணம்.

எங்கள் செப்டிக் டேங்கின் உட்குழாய் அடைத்துவிட்டது. ஓர் ஆள் இறங்கி ஐந்து நிமிடத்தில் எடுத்துவிடுகிறேன் என்கிறார். – கன்னங்குறிச்சி வாசகர்

இறக்காதீர்கள். உள்ளே தேங்கியிருக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு முதலில் அழுகிய முட்டை போல நாறும். அளவு கூடினால் நம் மூக்கை மரத்துப்போகச் செய்வதால், நாற்றம் போய்விட்டது என்று நினைக்கும் நேரமே ஆபத்தான நேரம். ஒருவர் விழுந்ததும் அவரைத் தூக்க இறங்கியவரும் விழுவது இப்படித்தான். மனிதரை இப்படி இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. இறப்பு நேர்ந்தால் 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தரவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023இல் தீர்ப்பளித்தது. மூடியைத் திறந்து தள்ளி நின்று, பீடி சிகரெட் அருகில் வராமல் பார்த்துக்கொண்டு, லாரியின் குழாயைக் கொண்டு மேலிருந்தே உறிஞ்சச் சொல்லுங்கள். நீண்ட மூங்கில் கழியால் உட்குழாயின் வாயை மேலிருந்தே குத்தி எடுக்கலாம். இத்தகைய பணிக்கு 14420 என்னும் கட்டணமில்லா எண்ணையும் அழைக்கலாம்.

தொட்டியைக் காலி செய்த பிறகும் அளவுகாட்டி நிறைந்திருப்பதாகவே காட்டுகிறது. பழுதா? – அஸ்தம்பட்டியிலிருந்து இன்னொரு வாசகர்

பெரும்பாலும் பழுதல்ல; உள்ளே உள்ள உணரியில் காகிதம் ஒட்டியிருக்கும். அடுத்த முறை ஏற்காட்டிலிருந்து இறங்கும் முன், இடம் இருந்தால், தொட்டியில் இரண்டு மூன்று வாளித் தண்ணீரைச் சேர்த்து ஊற்றிவிட்டு இறங்குங்கள். 20 கொண்டை ஊசி வளைவுகளும் அதைக் குலுக்கிக் கழுவிவிடும். ஆனால் முக்கால் பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள். வளைவில் அது காற்றுப்போக்கி வழியாகக் கூரைக்கு வந்துவிடும். வீட்டுக்கு வந்ததும் டீ குடிக்கப் போகாமல் முதலில் வால்வைத் திறங்கள். அரை மணி நேரம் நின்றால் கலங்கியது மறுபடி அடியில் படிந்துவிடும்.