கறுப்புத் தொப்பி இருக்கிறதா?

பாளையங்கோட்டையிலிருந்து கனடாவுக்கு வந்து ஸ்கார்பரோவில் குடியேறி இரண்டு மாதமே ஆன ஒரு தங்கை கேட்டிருக்கிறார்: "அக்கா, வேலை கிடைக்கும் வரை பகலெல்லாம் வீட்டில் தனியாக இருக்கிறேன். டொராண்டோ நகரத்துக்குள் போயிருந்தபோது நடைபாதையில் ஆட்கள் படுத்திருப்பதைப் பார்த்து மனம் கேட்கவில்லை. எனக்குக் குரோஷா, அதுதான் கொக்கி ஊசிப் பின்னல், நன்றாக வரும். அவர்களுக்குக் குளிருக்கு ஏதாவது பின்னிக் கொடுக்கலாமா? தப்பாக நினைப்பார்களா? யாரிடம் கொண்டுபோய்க் கொடுப்பது?"

தாராளமாகக் கொடுக்கலாம், தங்கச்சி. யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். ஆனால் நீங்கள் பின்ன ஆசைப்படுவதும் அவர்களுக்கு வேண்டியதும் பெரும்பாலும் வேறு வேறாக இருக்கும். இந்த ஒன்று எனக்கு உறைக்க மூன்று குளிர்காலம் ஆயிற்று.

நான் நாகர்கோவில்காரி. மார்த்தா மால்ட் அம்மையார் 1820களில் லேஸ் பள்ளி நடத்திய ஊர். அவருடைய மகள் எலிசாதான் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குப் போய் அங்கேயும் பெண்களுக்கு லேஸ் கற்றுக்கொடுத்தவர். அந்தப் பக்கத்து வீடுகளில் நூலும் ஊசியும் எப்போதும் ஒரு மூலையில் கிடக்கும். என் ஆச்சி குரோஷா போட்டால் சிலந்திவலை தோற்றுப்போகும். அந்தக் கைவாகோடு வந்தவள் சும்மா இருப்பேனா? முதல் குளிர்காலத்திலேயே வெள்ளை நூலில், சிப்பி சிப்பியாக, ஓரத்தில் குஞ்சம் வைத்து ஒரு சால்வை பின்னினேன். நகரத்துக்குள் வீடில்லாதவர்களுக்காக இருந்த ஒரு பகல்நேர மையத்தில் சூப்புக்கு வரிசையில் நின்ற ஒருவரிடம் கொடுத்தேன். ஐம்பது வயது இருக்கும். அவர் அதை இரண்டு கையாலும் விரித்துத் தூக்கிப் பிடித்தார். ஒரு சிப்பி ஓட்டை வழியாக என்னைப் பார்த்தார். சிரித்தார். பிறகு நான்காக மடித்து, திருநீறு கொடுப்பது போல அவ்வளவு பதமாக என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, "கறுப்புத் தொப்பி இருக்கிறதா?" என்று கேட்டார்.

ஓட்டை வழியாக அவர் என்னைப் பார்க்க முடிந்தால், ஜனவரி மாதக் காற்று அவரைப் பார்க்காமலா போகும்? காற்றையும் சேர்த்துக் கணக்கிடும் குளிர் மைனஸ் 28க்குக் கீழே போனால், மூடாத தோல் பத்து நிமிடத்திலிருந்து அரை மணிக்குள் உறைந்துபோகலாம் என்று இங்கே வானிலைத் துறை எச்சரிக்கிறது. நம் ஊரில் வேலைப்பாடு என்று மெச்சுவதெல்லாம் இந்தக் குளிரில் சாளரம். இடைவெளியே தெரியாமல் நெருக்கிப் பின்னுங்கள்.

கறுப்பு ஏன் என்று பிறகு அந்த மையத்துப் பணியாளர் விளக்கினார். துவைக்க வசதி இல்லாதவருக்கு அழுக்குத் தெரியாத நிறம் வேண்டும். இரவில் வெளியே படுப்பவர் யார் கண்ணையும் உறுத்தாமல் இருக்க விரும்புவார். பளிச்சென்ற மஞ்சள் தொப்பி அவர் இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும். வேலை தேடிப் போகும்போதும் கறுப்புத் தொப்பி யாரையும் எதையும் நினைக்கவைக்காது. கறுப்பு, கரும்பச்சை, கருநீலம், அடர் சாம்பல். என் பையில் இப்போது இவை மட்டும்தான். கறுப்பு நூலில் பின்னுவது கண்ணுக்குக் கொடுமை, உண்மைதான். பகல் வெளிச்சத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து, மடியில் ஒரு வெள்ளைத் துண்டை விரித்துக்கொண்டால் கண்ணி தெரியும்.

அடுத்தது நூல். "அக்ரிலிக் என்ற செயற்கை நூல் வேண்டாம், நல்ல கம்பளியே வாங்குவோம்" என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஈரமானாலும் சூடு காப்பது கம்பளிதான், மறுக்கவில்லை. ஆனால் தங்குமிடங்களில் மூட்டைப்பூச்சிக்காகத் துணிகளைக் கொதிக்கும் சூட்டில் உலர்த்துவார்கள். கம்பளி இழையில் மீன் செதில் போல நுண்ணிய செதில்கள் உண்டு. சூட்டிலும் அலசலிலும் அவை ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு துணி சுருங்கிவிடும். நான் பார்த்துப் பார்த்துப் பின்னிய மெரினோ கம்பளித் தொப்பி ஒன்று உலர்த்தியிலிருந்து வெளியே வந்தபோது ஒரு மாதுளம்பழத்துக்குத்தான் சரியாக இருந்தது. ஆகவே மையங்களுக்குக் கொடுப்பதென்றால் அக்ரிலிக், இல்லாவிட்டால் உறையில் 'சூப்பர்வாஷ்' என்று போட்ட, சுருங்காதபடி பதப்படுத்திய கம்பளி. அக்ரிலிக்குக்கும் ஒரு குறை உண்டு: நெருப்புப் பட்டால் உருகித் தோலில் ஒட்டும். கூடாரத்தில் அடுப்பு மூட்டிக் குளிர்காய்பவர் என்று தெரிந்தால் அவருக்குக் கம்பளிதான் கொடுக்க வேண்டும். பருத்தி மட்டும் எதற்கும் வேண்டாம். ஈரத்தைக் குடித்துவிட்டு விடவே விடாது.

உறையில் 4 என்று எண் போட்ட நடுத்தர நூல், 5.5 மில்லிமீட்டர் ஊசி. தொப்பிக்கு இது போதும். பதினொரு அங்குல உயரத்தில் ஒரு பட்டை தொடங்கி, கண்ணியின் பின்பக்க இழையில் மட்டும் ஊசியை விட்டு, ஒற்றைக் குரோஷாவாகவே வரிசை வரிசையாகப் போய்க்கொண்டிருங்கள். வரம்பு வரம்பாக விழும், ரப்பர் போல இழுபடும். இருபது அங்குலம் வந்ததும் இரண்டு ஓரத்தையும் சேர்த்துத் தைத்து, உச்சியில் நூலைக் கோத்துச் சுருக்கிவிட்டால் தொப்பி. உயரம் கூடுதலாக இருப்பது காதுக்கு மேலே மடித்துவிட. அந்த மடிப்பில்தான் காது பிழைக்கிறது. 198 கிராம் நூல்கண்டு ஒன்றில் எனக்கு இரண்டு தொப்பி வரும்.

நீங்கள் ஊரில் எந்தப் புத்தகத்தைப் பார்த்துக் கற்றீர்கள் என்று தெரியவில்லை. ஆங்கிலேயர் 'டபுள் குரோஷே' என்று சொல்வதை அமெரிக்கர் 'சிங்கிள் குரோஷே' என்பார்கள். அமெரிக்கரின் 'டபுள்' ஆங்கிலேயருக்கு 'ட்ரெபிள்'. இங்கே கிடைக்கும் செய்முறைகளில் பெரும்பாலும் அமெரிக்க வழக்குத்தான். நான் ஆச்சி காலத்து ஆங்கிலேயக் கணக்கிலேயே வரிசைகளை எண்ணிப் பின்னியதில், முதல் தொப்பி உயரம் பாதியாகி, தலையில் இட்லிக் கிண்ணத்தைக் கவிழ்த்தது போல நின்றது. செய்முறையில் எங்காவது 'சிங்கிள் குரோஷே' என்ற சொல் வந்தால் அது அமெரிக்கக் கணக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். தடுமாற்றம் தீர்ந்தது.

கழுத்துக்கு நீளத் துண்டு வேண்டாம், குழாய் போலத் தலைவழியாக மாட்டுவது நல்லது. அவிழாது, எதிலும் சிக்காது, பிடித்து இழுத்து யாரும் வம்பு செய்யவும் முடியாது. கைக்கு, விரல் பிரித்த உறையைவிட நான்கு விரலும் ஒரே பைக்குள் இருக்கும் உறைதான் சூடு. விரல்கள் ஒன்றையொன்று காய்ச்சிக்கொள்ளும். காலுறைதான் எங்கே போனாலும் முதலில் கேட்பார்கள். அதைப் பின்னாதீர்கள். குரோஷா முடிச்சுகள் உள்ளங்காலில் பரல் கல் போல உறுத்தும், நாள் முழுக்க நடப்பவருக்குப் புண்ணாகும். ஈரக் காலுறையோடு கிடந்தால் உறைபனி இல்லாத நாளிலேயே கால் வெளுத்து ஊறிச் சதை கெட்டுவிடும். கடையில் தடித்த காலுறை ஒரு கட்டு வாங்கி, தொப்பியோடு சேர்த்து வையுங்கள்.

போர்வை பற்றியும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் நீங்கள் நிச்சயம் அதில்தான் போய் நிற்பீர்கள். நானும் நின்றேன். மூன்று மாதம், சதுரம் சதுரமாக, எண்பது சதுரம். ஒரு பெண்மணிக்குக் கொடுத்தேன், கட்டிப்பிடித்து வாங்கிக்கொண்டார். மார்ச் மாதம் பனி உருகும் சமயத்தில், அதே தெருவில் பஸ் நிழற்குடைக்குப் பக்கத்தில் அது கிடந்தது. மழைநீர் குடித்துக் கருங்கல் போலக் கனத்தது. நானே தூக்கிப் பார்த்தேன், ஒரு கையால் முடியவில்லை. எனக்கு முதலில் கோபம்தான் வந்தது, பொய் சொல்லமாட்டேன். பஸ்ஸில் வீடு திரும்பும் வழியில்தான், வீட்டையே முதுகில் சுமந்து நடக்கிறவளுக்கு நான் எதைக் கொடுத்திருக்கிறேன் என்று யோசித்தேன். நனைந்த போர்வையை அவள் எங்கே காயப் போடுவாள்?

இப்போது போர்வைக்குப் பதில் பாய் பின்னுகிறேன். சிரிக்காதீர்கள், பத்தமடைக்குப் பக்கத்திலிருந்து வந்தவர் நீங்கள், உங்களுக்குத்தான் இது புரியும். ஒன்டாரியோவில் பால் பையில் வருகிறது அல்லவா, நான்கு லிட்டருக்கு உள்ளே மூன்று பை, வெளியே ஒரு பெரிய பை. அந்த வெளிப் பையைத்தான் இங்கே பலர் சேர்த்து வைக்கிறார்கள். குறுக்கே இரண்டு மூன்று அங்குலப் பட்டைகளாக வெட்டினால் வளையம் வளையமாக வரும். வளையங்களை ஒன்றோடொன்று சுருக்குப் போட்டுக் கோத்தால் நீளமான பிளாஸ்டிக் நூல். தடித்த ஊசியால் அதைப் பின்னினால் ஆள் படுக்கும் அளவுக்குப் பாய். பல நூறு பை பிடிக்கும், மணிக்கட்டு இற்றுப்போகும். ஆனால் தரையின் ஈரம் ஏறாது, உதறினால் காய்ந்துவிடும், சுருட்டித் தோளில் மாட்டிக்கொள்ளலாம். நடைபாதையில் சூடான காற்று வரும் கம்பி மூடிகளின் மேல் சிலர் படுத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த ஆவி உடையை நனைத்துவிடும், எழுந்து நகர்ந்தால் முன்னைவிட அதிகமாகக் குளிரும். அங்கே படுப்பவருக்கு அடியில் போட நனையாத ஒன்று பெரிய உபகாரம்.

எங்கே கொடுப்பது? உங்கள் வட்டாரத்துத் தங்குமிடத்துக்கோ பகல்நேர மையத்துக்கோ முதலில் தொலைபேசியில் பேசி, என்ன தேவை, எந்த நாளில் வாங்குவீர்கள் என்று கேளுங்கள். எண் தெரியாவிட்டால் 311 அழைத்தால் நகராட்சியில் சொல்வார்கள். டிசம்பரில் எல்லோரும் மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து கொட்டுவார்கள். கிறிஸ்துமஸ் முடிந்தால் ஒருவரையும் காணோம். கடுங்குளிரோ ஜனவரி, பிப்ரவரியில். நான் பாதியை நவம்பரிலும் பாதியை ஜனவரி கடைசியிலும் கொடுக்கிறேன். கொடுக்கும் முன் வாசனை இல்லாத சோப்பில் துவைத்து, மூடும் பையில் போட்டுவிடுங்கள். நமக்குத் தெரியாது, நம் வீட்டு நூல் முழுக்கத் தாளித்த கடுகும் பெருங்காயமும் மணக்கும். ஒரு பணியாளர் என் தொப்பியை முகர்ந்துவிட்டு "பசிக்கிறது" என்றார். நல்ல மனிதர், அதனால் வேடிக்கையாகப் போயிற்று.

தெருவில் நேரே கொடுப்பதென்றால் தூங்குபவரை எழுப்பாதீர்கள். விழித்திருந்தால் குனிந்து, "இது வேண்டுமா?" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் சரி என்று நகர்ந்துவிட வேண்டும். கடுங்குளிரில் ஒருவர் அசைவில்லாமல் கிடந்தால் தொப்பியை மறந்துவிட்டு 911 அழையுங்கள். படம் எடுக்கவே கூடாது. நம் ஆட்கள் சங்கம் ஒன்று பதாகை பிடித்து, ஒரு முதியவர் கையில் போர்வையைக் கொடுத்து, "இன்னொரு தடவை வாங்குங்கள்" என்று சொல்லிப் படம் எடுத்ததை நான் நேரில் பார்த்தேன். அன்றோடு அவர்களுடன் போவதை விட்டேன்.

முடிந்தால் பெயரைக் கேளுங்கள். ஈட்டன் சென்டருக்குப் பின்னால் ஹோலி டிரினிட்டி என்று ஒரு பழைய தேவாலயம் இருக்கிறது. மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை நண்பகலில், இந்த நகரத்தில் வீடில்லாமல் இறந்தவர்களின் பெயர்களை அங்கே வாசிக்கிறார்கள். ஒரு முறை போய் நின்றேன். பெயர் தெரியாத ஆண்களுக்கு ஜான் டோ, பெண்களுக்கு ஜேன் டோ. ஜான் டோ, ஜான் டோ என்று திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது. கறுப்புத் தொப்பி கேட்டவரின் பெயரை நானும் கேட்டு வைக்கவில்லை.

இவர்கள் யாரோ வேறு சாதி மனிதர்கள் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். குடி, சோம்பல் என்பார்கள். 2023 ஜூலையில் பீட்டர் தெருவில், தங்குமிட அலுவலகத்துக்கு வெளியே நடைபாதையில் நாட்கணக்காகப் படுத்துக் கிடந்தவர்கள் ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து அடைக்கலம் கேட்டு அப்போதுதான் வந்திறங்கியவர்கள். பெட்டியோடு கிடந்தார்கள். உங்களைப் போலப் புதியவர்கள்தான்.

தனிமை பற்றியும் எழுதியிருந்தீர்கள். பல நூலகக் கிளைகளில் பின்னல் வட்டம் நடக்கிறது, உங்கள் பக்கத்துக் கிளையில் விசாரியுங்கள். காசு கிடையாது. ஆங்கிலம் சரளமாக வராவிட்டாலும் கையில் ஊசி இருந்தால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். எனக்கு இந்த ஊரில் கிடைத்த முதல் சிநேகிதி அங்கே எதிரில் உட்கார்ந்து என் கண்ணிகளை எண்ணிப் பார்த்த ஒரு போர்த்துகீசியப் பாட்டிதான். நூல் மிச்சமானால் ஆளுக்கு ஆள் கொடுப்பார்கள். நீங்கள் நிறைய வாங்க வேண்டியிருக்காது.

அப்புறம், பால் பையை இனிமேல் குப்பையில் போடாதீர்கள். வெளிப் பையை மட்டும் கழுவி, துடைத்து, தட்டையாக அடுக்கி வையுங்கள். ஐம்பது சேர்ந்ததும் சொல்லுங்கள், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன். பாதிப் பாயில் நிற்கிறேன்.