பாதுகாப்புத் துறை மின்னணுவியல் வேலை ஒரு முட்டுச்சந்தா?

மின்னணுவியல் பொறியியல் முடிக்கவிருக்கும் தங்கள் மகளுக்குப் பாதுகாப்புத் தளவாட நிறுவனம் ஒன்றில் வேலை கிடைத்திருப்பதாகவும், ரேடாரும் ஏவுகணையுமாகச் சில ஆண்டுகள் கழிந்துவிட்டால் மற்ற நிறுவனங்கள் அவரை ஏறெடுத்தும் பார்க்காதோ என்று அஞ்சுவதாகவும் எழுதியிருந்தீர்கள். இந்த அச்சத்தில் ஓரளவு நியாயம் இருக்கிறது. ஆயினும் முடிவெடுக்கும் முன் அமெரிக்காவின் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் கடந்துவந்த பாதையைத் தாங்களும் மகளும் சேர்ந்து பார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

1930இல் நிலத்தடி எண்ணெயை அதிர்வலைகளைக் கொண்டு தேடித்தரும் நிறுவனமாகத் தொடங்கிய அது, இரண்டாம் உலகப் போரில் நீர்மூழ்கிக் கப்பல்களை வானிலிருந்து கண்டறியும் கருவிகளைக் கடற்படைக்குச் செய்துகொடுத்தது. போர் முடிந்ததும், கடற்படையின் கொள்முதல் பிரிவில் பணியாற்றிய பேட்ரிக் ஹாகர்ட்டி அங்கே சேர்ந்தார்; பின்னாளில் அதன் தலைவராகவும் ஆனார். 1951இல் இன்றைய பெயரைப் பெற்ற நிறுவனம், மறு ஆண்டே, மின்னோட்டத்தைப் பெருக்கவும் நிறுத்தவும் உதவும் சிறு மின்னுறுப்பான டிரான்சிஸ்டரைச் செய்யும் உரிமத்தை விலைக்கு வாங்கியது.

1954ஆம் ஆண்டைத்தான் தங்கள் மகள் கூர்ந்து கவனிக்க வேண்டும். அன்று புழக்கத்தில் இருந்த ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்கள் சூட்டைத் தாங்காதவை. ராணுவத்திற்கோ சூட்டிலும் வேலை செய்பவை தேவைப்பட்டன. அவ்வாண்டு மே மாதம் டேட்டன் நகரில் நடந்த பொறியாளர் மாநாட்டில், நிறுவனத்தின் கார்டன் டீல் சிலிக்கான் டிரான்சிஸ்டரை அறிமுகம் செய்தார். ஓடிக்கொண்டிருந்த இசைத்தட்டுக் கருவியின் ஜெர்மானியம் டிரான்சிஸ்டரைச் சூடான எண்ணெயில் அமிழ்த்தியதும் பாட்டு நின்றது. சிலிக்கான் டிரான்சிஸ்டரை அமிழ்த்தியபோது பாட்டு தடையின்றித் தொடர்ந்தது. அதே ஆண்டு அக்டோபரில், இதே நிறுவனத்தின் ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்களைக் கொண்டு ரீஜென்சி டிஆர்-1 என்ற சட்டைப்பை வானொலி 49.95 டாலர் விலையில் அறிவிக்கப்பட்டது. அந்த விலைக்குள் அடங்க வேண்டுமென்பதற்காகவே டிரான்சிஸ்டர்களின் எண்ணிக்கையை நான்காகக் குறைத்து மின்சுற்றை வடிவமைத்தார்கள். ராணுவ வேலையில் பொறியாளர் முதலில் எதிர்கொள்ளும் கேள்வி ‘தாங்குமா?’ என்பது; சந்தையில் முதல் கேள்வி ‘என்ன விலைக்குள் முடியும்?’ என்பது. ஒரே நிறுவனம் ஒரே ஆண்டில் இரண்டுக்கும் விடை கண்டது.

1958இல் இந்நிறுவனத்தின் பொறியாளர் ஜாக் கில்பி செய்துகாட்டிய, பல மின்னுறுப்புகளை ஒரே சில்லில் அடக்கிய ஒருங்கிணைந்த மின்சுற்றுக்கும் தொடக்கத்தில் ராணுவமே துணைநின்றது. விலை மிகுந்திருந்த அந்தச் சில்லுகளை மினிட்மேன் ஏவுகணைத் திட்டம் பெருமளவில் வாங்கியது. அதனால் உற்பத்தி முறை சீர்பட்டு விலையும் இறங்கியது. பொதுமக்கள் கையில் தவழும் பொருள் ஒன்று வேண்டும் என்று ஹாகர்ட்டி வலியுறுத்த, கில்பியின் குழு 1967இல் கையடக்கக் கணிப்பானின் மாதிரியை உருவாக்கியது. நிறுவனம் தன் பெயரிலேயே கணிப்பானை விற்கத் தொடங்கியது 1972இல்தான்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதற்குப் பின் வருவது. எண்ணெய் தேடும்போது நிலத்தடியிலிருந்து திரும்பும் அதிர்வலையின் அடுத்த மதிப்பை முந்தைய மதிப்புகளிலிருந்து கணித்து எதிரொலியை நீக்கும் கணிதத்தின் நெருங்கிய உறவே, 1978இல் வந்த ‘ஸ்பீக் அண்ட் ஸ்பெல்’ என்ற குழந்தைகளுக்கான எழுத்துக்கூட்டல் கருவியில் மனிதக் குரலை உண்டாக்கியது. அதே துறை அறிவு 1980களில், ஒலி போன்ற சமிக்ஞைகளை எண்களாக்கிக் கையாளும் டிஜிட்டல் சிக்னல் பிராசசிங் சில்லுகளாகவும், பிறகு கைப்பேசிகளின் உள்ளுறுப்பாகவும் வளர்ந்தது. 1997இல் நிறுவனம் தன் பாதுகாப்புப் பிரிவை ஏறத்தாழ 295 கோடி டாலருக்கு ரேத்தியான் என்ற அமெரிக்கப் பாதுகாப்புத் தளவாட நிறுவனத்திற்கு விற்றுவிட்டு, முதன்மையாகச் சில்லுகளின் பக்கம் திரும்பியது.

சந்தைப் பக்கம் போனால் கவலையில்லை என்றும் எண்ண வேண்டாம். இதே நிறுவனம் வீட்டுக் கணினியில் விலைப்போட்டியைத் தாங்க முடியாமல் பெரும் நட்டத்துடன் 1983இல் அத்தொழிலை விட்டு வெளியேறியது.

ஆகவே தங்கள் மகள் இந்த வேலையை ஏற்கலாம் என்பதே என் கருத்து. ஆனால் எந்தப் பிரிவு என்பதைப் பார்த்து ஏற்க வேண்டும். வடிவமைப்பு, சோதனை, உற்பத்தி ஆகிய மூன்றில் ஒன்று கிடைத்தால் தயங்க வேண்டாம்; ஆவணங்களைச் சரிபார்க்கும் பணி மட்டுமே என்றால் ஒருமுறைக்கு இருமுறை யோசிக்க வேண்டும். சிக்னல் பிராசசிங், மின்காந்தவியல், குறைகடத்தி இயற்பியல் ஆகிய பாடங்களை அவர் கைவிடக் கூடாது. ராணுவத் திட்டங்களில் வாடிக்கையாளர் விதிக்கும் தரமே பெரிதாக இருப்பதால், ஓர் உதிரிபாகத்தின் விலை என்ன, அதற்கு மாற்று எது, ஆயிரக்கணக்கில் செய்தால் எத்தனை பழுதாகும் என்று கணக்கிடும் பழக்கத்தை அவரே முயன்று வளர்த்துக்கொள்ள வேண்டும்.

ரகசியக் காப்பு என்பது உண்மையான இடர்ப்பாடு. செய்த பணியை அடுத்த நேர்முகத்தில் விவரிக்க முடியாமல் திறமையானவர்களும் திணறுவதுண்டு. எனவே பணியாணையில் கையெழுத்திடும் முன், தன் பணியைப் பற்றி வெளியே எவற்றைச் சொல்லலாம், விலகிய பின் எத்தனை காலம் கட்டுப்பாடு நீடிக்கும், குறிப்பிட்ட காலம் பணியாற்றியே தீர வேண்டும் என்ற ஒப்பந்தம் உண்டா என்ற மூன்றையும் அவர் எழுத்துமூலம் கேட்டுப் பெறட்டும். விடை வந்ததும் எனக்கு எழுதுங்கள். ஒப்பந்தத்தின் வாசகங்களைச் சேர்ந்தே படித்துப் பார்ப்போம்.