இலையுதிர்காலத்தில் கையைக் கடிக்காத வார இறுதிப் பயணம்: கேள்வி பதில்

ஒன்றிரண்டு நாள் வெளியூர் போய்வருவது, அதைக் குறைந்த செலவில் செய்வது பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். கேள்விகளை வந்த வரிசையிலேயே எடுத்துக்கொள்கிறேன். டிக்கெட் கட்டணம், தங்குமிடம், வழி, நேரம் இவைதான் நான் பேசக்கூடியவை. விசா பற்றிக் கேட்டவர்கள் அந்தந்த நாட்டு அரசுத் தளத்தையே பாருங்கள்.

அக்கா, இலையுதிர்காலத்தில் எல்லாமே மலிவு என்கிறார்களே, உண்மைதானா?

பாதி உண்மை. பள்ளி திறந்துவிட்டதால் கோடை விடுமுறைக் கூட்டம் இல்லை. ஆண்டுக்கடைசிக் கூட்டம் இன்னும் தொடங்கவில்லை. நடுவில் இருக்கும் இந்த வாரங்களில் அறைகள் காலியாகக் கிடக்கும், விலை இறங்கும். ஆனால் இந்தப் பருவத்துக்குள்ளேயே விலை ஏறும் நாட்களும் உண்டு. பள்ளிகளின் இடைவிடுமுறை, வெள்ளியோ திங்களோ விடுமுறையாக வரும் நீண்ட வார இறுதி, இலை நிறம் உச்சத்தில் இருக்கும் வாரம் ஆகியவை அவை. பேர்போன இடங்களில் அந்த நாட்களில் கோடையைவிட அதிகம் கேட்பார்கள். ஒரு வாரம் முன்னே பின்னே நகர்ந்தாலே போதும்.

பலரும் "எந்த இடம் மலிவு?" என்றுதான் தொடங்குகிறார்கள். நான் முதலில் கேட்பது "எந்த மணிக்குக் கிளம்புவீர்கள்?" என்று. வெள்ளி மாலை போய் ஞாயிறு மாலை திரும்புகிறவர்கள் அத்தனை பேரும் அதே சில வண்டிகளுக்குப் போட்டி போடுகிறார்கள். சனி விடியற்காலை கிளம்பி ஞாயிறு மதியத்துக்குள் திரும்பினால் அதே ஊர், அதே ரயில், வேறு கட்டணம். ஓர் இரவு அறை வாடகையும் மிச்சம்.

ஒன்றை மட்டும் இன்று பலமுறை சொல்லப்போகிறேன்: போகிற டிக்கெட்டை வாங்குவதற்கு முன் திரும்பி வரும் கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று பாருங்கள். மலைப்பாதை, ஏரிக்கரை வழித்தடங்களில் கோடை அட்டவணை முடிந்ததும் மாலை நேரப் பஸ்களைக் குறைத்துவிடுவார்கள். அதைத் தவறவிட்டால் டாக்சியோ எதிர்பாராத ஓர் இரவு அறையோ, மிச்சம் பிடித்தது அத்தனையையும் விழுங்கிவிடும்.

செந்நிற இலைகளைப் பார்க்க எந்த வாரம் போவது? போன வருஷம் போனபோது எல்லாம் உதிர்ந்துபோயிருந்தது.

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. தேதியைப் பிடித்துக்கொண்டு போகாதீர்கள். உயரத்தைப் பிடித்துக்கொண்டு போங்கள்.

பகல் குறையக் குறைய மரம் இலையிலுள்ள பச்சையத்தைச் சிதைத்துத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. மஞ்சளைத் தரும் கரோட்டினாய்டு இலையில் முன்பே இருந்ததுதான். பச்சை விலகியதும் தெரிய வருகிறது. சிவப்பு அப்படியல்ல. ஆந்தோசயனின் என்ற அந்த நிறமியைப் பல மரங்கள் இலையுதிர்காலத்தில்தான் புதிதாக உண்டாக்குகின்றன. அதற்கு வெயிலுள்ள பகலும், உறையாத அளவுக்குக் குளிர்ந்த இரவும் தேவை. ஆகவே மஞ்சள் ஆண்டுதோறும் ஏறக்குறைய ஒரே மாதிரி வரும்; சிவப்பு அந்த ஆண்டின் வானிலையைப் பொறுத்தது. கடும் உறைபனியோ பெருங்காற்றோ வந்தால் இரண்டும் சில நாட்களில் முடிந்துவிடும்.

இதில் செலவுக் கணக்கு எங்கே வருகிறது? ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறைகிறது. அதனால் நிறம் உச்சியில் தொடங்கிப் பள்ளத்தாக்குக்கு இறங்கி வரும். ஜப்பானில் வடக்கே ஹொக்கைடோவின் தைசெட்சுசான் மலைகளில் செப்டம்பர் நடுவில் தொடங்குவது, கியோட்டோ வந்து சேர நவம்பர் கடைசி ஆகிவிடும். ஒரே மலைப்பகுதியிலும் இதே நகர்வு சின்ன அளவில் நடக்கிறது. எல்லோரும் புகழ்பெற்ற காட்சிமுனைக்கு உச்ச வாரத்தில் முண்டியடிக்கும்போது, அதற்கு ஒன்றிரண்டு வாரம் கழித்து அடிவாரத்து ஊரில் தங்குங்கள். மேலே உதிர்ந்திருக்கும், நீங்கள் நிற்கும் இடத்தில் நிறம் நின்றிருக்கும். அறை வாடகையும் இறங்கியிருக்கும். அதனால் ரத்து செய்யக்கூடிய அறையாக இரண்டு வாரங்களுக்குப் பதிவு செய்து, நிறம் பார்த்து ஒன்றை விட்டுவிடுங்கள். கட்டணமில்லாமல் ரத்து செய்யும் கடைசித் தேதியை நாட்காட்டியில் குறித்துக்கொள்வது முக்கியம். விடுகிற அறையை முன்னதாகவே விட்டால் இன்னொருவருக்கு உதவும்.

எல்லாம் உதிர்ந்த பிறகுதான் விடுப்பு கிடைக்கும் என்றால் லார்ச் காடு இருக்கும் இடத்தைத் தேடுங்கள். ஊசியிலை மரம்தான், ஆனாலும் பொன்னிறமாகி உதிரும். பொதுவாக மற்ற மரங்களுக்குப் பிறகு.

ரகசிய உலாவியில் (நாம் தேடியதை நினைவில் வைக்காத இன்காக்னிட்டோ முறையில்) தேடினால் டிக்கெட் விலை குறையுமா?

அதை நம்பி உட்காராதீர்கள். விமானத்திலும் முன்பதிவு ரயில்களிலும் ஒரே வகை இருக்கைக்குள்ளேயே பல கட்டண அடுக்குகள் இருக்கும். கீழ் அடுக்கில் இருந்த சில இருக்கைகள் விற்றதும் அடுத்த அடுக்கு திறக்கும். நீங்கள் காலையில் பார்த்த விலை மாலையில் ஏறியதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம்.

இதிலிருந்து பயனுள்ள ஒன்று கிடைக்கிறது. நான்கு பேருக்குச் சேர்த்துத் தேடும்போது, கீழ் அடுக்கில் இரண்டு இருக்கைதான் மிச்சம் என்றால், பல விமான நிறுவனங்களின் முறை நான்கு பேருக்கும் மேல் அடுக்கு விலையையே காட்டும். முதலில் ஒருவருக்குத் தேடுங்கள், பிறகு நால்வருக்கு. தலைக்கு விலை மாறினால் இரண்டு இரண்டாக வாங்குங்கள். குழந்தைகள் இருந்தால் பெரியவரோடு சேர்த்தே வாங்குங்கள், தனிப் பதிவில் விடாதீர்கள்.

எந்தக் கிழமையில் டிக்கெட் வாங்கினால் மலிவு? செவ்வாய்க்கிழமையா?

வாங்குகிற கிழமை அல்ல, பயணிக்கிற கிழமையும் மணியும்தான் விலையை மாற்றும்.

அக்கா, ஒருவழி டிக்கெட்டைவிட இருவழி டிக்கெட் மலிவாக இருந்தது. போகும் பயணத்தை விட்டுவிட்டுத் திரும்பும் பாதியை மட்டும் பயன்படுத்தலாமா?

விமானத்தில் கூடாது. முதல் பகுதியில் நீங்கள் ஏறவில்லை என்றால் மீதி எல்லாவற்றையும் ரத்து செய்வது பெரும்பாலான நிறுவனங்களின் விதி. ரயிலில் வேறு வழி இருக்கிறது. பிரிட்டனில் ஒரே பயணத்தை நடுவழி நிலையத்தில் துண்டாக்கி இரண்டு டிக்கெட்டாக வாங்குவது அனுமதிக்கப்பட்டது. ஒரே நிபந்தனை, நீங்கள் இருக்கும் வண்டி அந்த நிலையத்தில் நிற்க வேண்டும். இறங்கி ஏறத் தேவையில்லை.

என்னிடம் கார் இருக்கிறது. பெட்ரோல் மட்டும்தானே செலவு? நீங்கள் ஏன் ரயில், பஸ் என்றே பேசுகிறீர்கள்?

பெட்ரோல் மட்டும் அல்ல. சுங்கம், பார்க்கிங், டயர், எண்ணெய் மாற்றம், ஓடிய தூரத்துக்கு ஏற்பக் குறையும் மறுவிற்பனை விலை எல்லாம் உண்டு. மலையூர்களில் பார்க்கிங் கட்டணம் ஒருவரின் பஸ் டிக்கெட்டைத் தாண்டும் இடங்களும் இருக்கின்றன. ஒருவராகப் போனால் ரயிலைப் பாருங்கள். நான்கு பேர் என்றால் கார்.

(இன்னொருவர்) அக்கா மென்மையாகச் சொல்கிறார். கார் வைத்திருப்பவர்கள் காப்பீடு, கடன் தவணை, வரி எல்லாவற்றையும் கிலோமீட்டருக்குப் பிரித்துப் போட்டுப் பார்த்தால் யாருமே காரில் போக மாட்டார்கள்.

(கார் வைத்திருப்பவர்) வீட்டில் நிறுத்தி வைத்தாலும் தவணை கட்டத்தானே வேண்டும்? அதை ஏன் இந்தப் பயணத்தின் தலையில் கட்டுகிறீர்கள்?

இருவரும் வேறு வேறு கேள்விக்குப் பதில் சொல்கிறீர்கள், அதனால்தான் முடிவுக்கு வரவில்லை. "இந்தச் சனிக்கிழமை காரா, ரயிலா?" என்பது கேள்வியானால் கார்க்காரர் சொல்வது சரி. ஏற்கெனவே கட்டியாகிவிட்ட காப்பீடு இந்த முடிவால் மாறாது. ஓட்டினால் மட்டும் கூடும் செலவைத்தான் எண்ண வேண்டும். "வார இறுதிப் பயணத்துக்காக ஒரு கார் வைத்துக்கொள்ளலாமா?" என்பது கேள்வியானால் மற்றவர் சொல்வது சரி, அப்போது எல்லாவற்றையும் சேர்க்க வேண்டும்.

இரண்டுக்கும் எவ்வளவு இடைவெளி என்று காட்ட ஓர் அரசுக் கணக்கே இருக்கிறது. அமெரிக்க வருமானவரித் துறை ஆண்டுதோறும் மைலேஜ் விகிதம் அறிவிக்கிறது, அதாவது காரை ஓட்டியதற்கு மைலுக்கு எவ்வளவு செலவாக வரிக் கணக்கில் காட்டலாம் என்ற அளவு. 2025-இல் தொழில் பயணத்துக்கு மைலுக்கு 70 சென்ட். இது நிலையான செலவும் ஓட்டும் செலவும் சேர்ந்தது. மருத்துவப் பயணத்துக்கு 21 சென்ட். இது ஓட்டினால் ஆகும் செலவு மட்டும். மூன்று மடங்குக்கு மேல் வேறுபாடு. நீங்கள் இருவரும் சண்டை போடுவது இந்த இடைவெளிக்குள்தான்.

(மற்றவர்) சரி, ஆனால் ஞாயிறு மாலை நெரிசலில் மூன்று மணி நேரம் நிற்பதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

அதைப் பணமாக்க வேண்டாம், பயணமாகவே பாருங்கள். கார் நிறுத்திய இடத்துக்கே நீங்கள் திரும்பி வந்தாக வேண்டும். ரயிலில் போனால் ஒரு நிலையத்தில் இறங்கி, காடும் கரையுமாக நடந்து, அடுத்த நிலையத்தில் ஏறலாம். அப்படி நடக்கிற சுகம் வட்டமடித்துத் திரும்புவதில் இல்லை என்பது என் உறுதியான கருத்து. மறுபக்கம், முதியவரோ கைக்குழந்தையோ உடனிருந்தால் காருக்கு ஈடு இல்லை. ரயிலில் போகிறவர்கள் கடைசி வண்டியைப் பாருங்கள், மறுபடியும் சொல்கிறேன்.

கார் விஷயமாக இன்னும் நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. பெரும்பாலானவற்றுக்கு மேலே உள்ளதே பதில்.

ஹோட்டல் செலவுதான் பெரிதாக இருக்கிறது. என்ன செய்வது?

ஹோட்டல்களில் இரண்டு வகை. உல்லாச ஊர்களில் சனி இரவு விலை உச்சத்தில் இருக்கும், ஞாயிறு இரவு சரியும். அலுவலக நகரங்களில் இது தலைகீழ். வார நாட்களில் வேலையாக வருபவர்கள் அறைகளை நிரப்புகிறார்கள், வெள்ளியன்று காலி செய்துவிடுகிறார்கள். பிரஸ்ஸல்ஸ், பிராங்க்ஃபர்ட் மாதிரி நகரங்களில் நல்ல அறை வார இறுதியில் குறைந்த விலைக்குக் கிடைப்பது அதனால்தான். அப்படி ஒரு நகரத்தில் தங்கி, அங்கிருந்து பக்கத்து மலைக்கும் ஆற்றங்கரைக்கும் பகலில் போய்வருவது நான் அதிகம் பரிந்துரைக்கும் முறை. பலர் ஒரே அறையில் தங்கும் விடுதியில் இரண்டு பேருக்கான படுக்கை விலையைக் கூட்டிப் பார்த்துவிட்டு ஹோட்டல் அறை விலையோடு ஒப்பிடுங்கள். பல நேரம் அறையே மலிவு.

வெளிநாட்டில் கார்டு தேய்க்கும்போது "உங்கள் நாட்டுப் பணத்தில் கட்டுகிறீர்களா?" என்று இயந்திரம் கேட்டால் வேண்டாம் என்று அந்த நாட்டுப் பணத்தையே தேர்ந்தெடுங்கள். உங்கள் நாட்டுப் பணமாக மாற்ற அந்த இயந்திரம் போடும் விகிதம் பெரும்பாலும் உங்களுக்குப் பாதகமாகவே இருக்கும்.

காசில்லாமல் பார்க்க ஏதாவது?

ஐரோப்பாவில் செப்டம்பரில் ஐரோப்பியப் பாரம்பரிய நாட்கள் (European Heritage Days) நடக்கின்றன. 1985-இல் ஐரோப்பிய மன்றம் (Council of Europe) தொடங்கிவைத்தது. மற்ற நாட்களில் பூட்டியிருக்கும் கட்டடங்கள்கூட அப்போது திறந்திருக்கும், பலவற்றுக்குக் கட்டணமில்லை. லக்சம்பர்க்கில் 2020 பிப்ரவரி 29 முதல் பஸ், டிராம், ரயில் எல்லாம் இலவசம், முதல் வகுப்பு ரயில் பெட்டி நீங்கலாக. உள்ளூர்வாசியாக இருக்க வேண்டியதில்லை.

காட்டில் காளான் பறித்துச் சமைத்தால் சாப்பாட்டுச் செலவு மிச்சமாகுமே?

வேண்டாம். டெத் கேப் காளானின் நஞ்சு சமைத்தாலும் போகாது. அறிகுறி தெரியவே பல மணி நேரம் ஆகும். கூடவே வந்து காட்டித்தரும் நிபுணர் இல்லாமல் தொடாதீர்கள்.

அக்கா, செவ்வாய்க்கிழமை டிக்கெட் மலிவு என்று கேள்விப்பட்டேன்...

மேலே பாருங்கள்.

எங்களுக்கு இலையுதிர்காலம் மார்ச்சில் தொடங்குகிறது. இதெல்லாம் பொருந்துமா?

பொருந்தும், ஆனால் தெற்கு அரைக்கோளத்தில் ஈஸ்டர் நீண்ட வார இறுதி இந்தப் பருவத்துக்குள் வந்து விழும். அதைத் தாண்டியதும் போங்கள்.

மலையேற்றப் பாதைக்கு மதியம் போனால் கூட்டம் குறையும் என்று நினைக்கிறேன். சரியா?

இந்தப் பருவத்தில் ஆபத்து. நீங்கள் 50 டிகிரி அட்சரேகை அளவில் இருந்தால், சம பகலிரவு நாளை ஒட்டிய வாரங்களில் வாரத்துக்குக் கிட்டத்தட்ட 25 நிமிடம் பகல் சுருங்குகிறது. போன மாதம் நடந்த அதே பாதையை அதே மணிக்குத் தொடங்கினால் இறங்கும்போது இருட்டு. கடிகாரத்தைப் பின்னுக்குத் திருப்பும் நாளில் சூரிய மறைவு திடீரென்று இன்னொரு மணி நேரம் முன்னால் வந்துவிடும். ஐரோப்பாவில் அது அக்டோபர் கடைசி ஞாயிறு, அமெரிக்காவில் நவம்பர் முதல் ஞாயிறு. கையில் டார்ச் வையுங்கள், போன் வெளிச்சத்தை நம்பாதீர்கள். வேட்டைக்காலம் நடக்கும் காடுகளில் பளிச்சென்ற ஆரஞ்சு உடை போடுங்கள். கடைசி பஸ் நேரம் பார்த்தீர்களா?

(கார் வைத்திருப்பவர்) கடைசியாக ஒன்று. ஒருவருக்கு ரயில், நால்வருக்கு கார் என்றீர்கள். நாங்கள் கணவன் மனைவி இருவர்தான்.

இருவர் என்றால் பார்க்கிங்தான் தீர்மானிக்கும். போகும் ஊரில் இரண்டு பகல் ஓர் இரவு நிறுத்த என்ன கட்டணம் என்று பார்த்து எரிபொருள், சுங்கத்தோடு கூட்டுங்கள். தேய்மானத்துக்கு எரிபொருள் செலவில் பாதியை மேலே போடுங்கள். அது இரண்டு ரயில் டிக்கெட்டைவிடக் குறைவாக இருந்தால் காரில் போங்கள். ஏறக்குறைய சமமாக வந்தால் நான் ரயிலையே சொல்வேன். நிலையம் வரை காரில் போய் அங்கே நிறுத்திவிட்டு ஏறுவதையும் கணக்குப் போட்டுப் பாருங்கள், பல புறநகர் நிலையங்களில் வார இறுதிப் பார்க்கிங் கட்டணம் குறைவு.