பாப்பாவுக்கு மத்தவங்க மனசு புரியலையா, இல்ல ஓவரா யோசிக்கிறாளா?

கேள்வி: என் பொண்ணுக்கு 9 வயசு, கோத்தகிரில நாலாவது படிக்கிறா. வீட்டுல வாய் ஓயாது. தம்பியோட பென்சில் பாக்ஸை ஒளிச்சு வச்சிட்டு, அவன் பழைய இடத்துலயே தேடுறத பாத்து சிரிச்சிட்டு நிப்பா. ஆனா ஸ்கூல்ல, கடையில, மினி பஸ்ல யார் என்ன கேட்டாலும் குரலே வராது. ராத்திரி படுத்தா "அம்மா, மிஸ் என்னைப் பத்தி என்ன நினைச்சிருப்பாங்க"ன்னு ஆரம்பிச்சிடுறா. ஒரு வருஷமா இப்படித்தான். நாத்தனார், மத்தவங்க மனசே இவளுக்குப் புரியல, ஆட்டிசமா இருக்கும்ங்கிறாங்க. இவர், குன்னூர்ல ஹாஸ்டல்ல போட்டா கூச்சம் போயிடும்ங்கிறார். என்ன பண்றது?

பதில்: நீங்க போற போக்குல எழுதின அந்த பென்சில் பாக்ஸ்லயே பாதி பதில் இருக்குங்க. 1983ல விம்மர், பெர்னர்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் சின்னப் பசங்களுக்கு ஒரு கதை சொன்னாங்க. ஒரு பையன் சாக்லேட்டை ஒரு அலமாரில வச்சிட்டு வெளிய போறான், அவன் இல்லாதப்ப அம்மா அதை வேற அலமாரிக்கு மாத்திடுறாங்க, திரும்பி வந்தா எங்க தேடுவான்? மூணு வயசுப் பிள்ளைங்க பெரும்பாலும் இப்ப சாக்லேட் இருக்கிற இடத்தைத்தான் காட்டும். நாலஞ்சு வயசானாதான் "அவனுக்குத் தெரியாதே, பழைய இடத்துலதான் தேடுவான்"னு சொல்லும். உங்க பொண்ணு இதைத் தம்பிய வச்சு வீட்டுலயே நடத்திட்டு இருக்கா! இத மட்டும் வச்சு ஆட்டிசம் இல்லவே இல்லைன்னு நான் சொல்லிட முடியாது, அதை டாக்டர் நேர்ல பாத்துதான் சொல்லணும், ஆனா நாத்தனார் சொல்ற காரணம் இங்க பொருந்தல.

ஆறேழு வயசுக்கு மேல இது இன்னும் ஒரு அடுக்கு ஏறும், "நான் என்ன நினைக்கிறேன்னு அவங்க என்ன நினைக்கிறாங்க"ங்கிற அளவுக்குப் போகும். கூச்சம் பயமா மாறுறதுல இந்த அடுக்குக்கும் பங்கு இருக்கலாம். பானர்ஜி, ஹெண்டர்சன்னு ரெண்டு பேர் 2001ல இந்த மாதிரி பயப்படுற பசங்களைப் பாத்தாங்க. மத்தவங்க நினைப்பைப் புரிஞ்சுக்கிற அடிப்படைத் திறமைல குறை இல்ல, ஆனா நாலு பேர் பழகுற இடத்துல யாரு எந்த நோக்கத்துல என்ன செஞ்சாங்க, அதனால யாருக்கு எப்படி இருந்துச்சுன்னு கோர்த்துப் பாக்குறதுல, ரொம்பக் கூச்சமும் மனக்கஷ்டமும் உள்ள பசங்க தடுமாறினாங்க. உங்க ஊரு காலைல மிஸ் குளிர்ல முகத்தைச் சுளிச்சிட்டு கிளாஸுக்குள்ள வராங்கன்னு வச்சுக்கோங்க, மத்த பசங்க குளிருதுன்னு எடுத்துப்பாங்க, இவ "என் மேல கோபம்"னு எடுத்துப்பா, உடனே தலையக் குனிஞ்சுப்பா, அதனால ரெண்டு நிமிஷம் கழிச்சு அதே மிஸ் சிரிக்கிறத இவ பாக்கவே மாட்டா. பாக்கலைன்னா அந்த ஊகம் தப்புன்னு எப்படித் தெரியும்? அப்படியே உள்ள தங்கிடுது.

"ஒன்ன யாரும் கவனிக்கல, தூங்கு"ன்னு சொல்லத் தோணும். சொன்னா அன்னைக்கு ராத்திரி அடங்கும், மறுநாள் அதே கேள்வி வரும். பெரியவங்களுக்கே இது ஏறாது. அமெரிக்கால காலேஜ் பசங்களுக்கு வெக்கப்படுற மாதிரி ஒரு டி-ஷர்ட் போட்டு ரூமுக்குள்ள அனுப்பினாங்க (2000ல வந்த ஆய்வு). ரூம்ல இருந்தவங்கள்ல பாதிப் பேராவது கவனிச்சிருப்பாங்கன்னு போட்டவங்க நினைச்சாங்க, கவனிச்சது கால்வாசிப் பேர்தான். அதனால பதில் சொல்லாம திருப்பிக் கேளுங்க. "மிஸ் அப்படி இருந்ததுக்கு வேற என்னெல்லாம் காரணம் இருக்கலாம்?" பல்வலி, பஸ் லேட்டு, வீட்டுல சண்டைன்னு அவளே சொல்லட்டும், கிறுக்குத்தனமா சொன்னாலும் பரவால்ல. நாளைக்கு மிஸ் முகத்தை ஒரு தடவை நிமிர்ந்து பாத்துட்டு வந்து எது சரின்னு சொல்லச் சொல்லுங்க.

பேச்சுப் பழக்கத்துக்கு பேக்கரி போதும். முதல்ல நீங்க வர்க்கி கேளுங்க, காசை மட்டும் அவ குடுக்கட்டும். அது பழகினதும் "கால் கிலோ"ன்னு ஒரு வார்த்தை, அப்புறம் முழுசா அவளே. கடைக்காரர் பேர் கேட்டா உடனே நீங்க சொல்லிடாதீங்க, மனசுக்குள்ள அஞ்சு எண்ணுங்க, வரலைன்னா விட்டுடுங்க, திட்டாதீங்க. அவ காதுபட "இவ கூச்ச சுபாவம்"னு யார்கிட்டயும் சொல்லவே கூடாது, அது அவளுக்குப் போர்டு மாட்டி விடுற மாதிரி. கிளாஸ் மிஸ்கிட்டயும் பேசுங்க, திடீர்னு எழுப்பி வாசிக்கச் சொல்லாம, முதல்ல ஒரு ஃப்ரெண்டு கூட மட்டும் வாசிக்க விடச் சொல்லுங்க.

ஹாஸ்டல் இப்ப வேண்டாம். பேச்சு வர்ற ஒரே இடம் வீடு, அதையும் எடுத்துட்டு என்ன சரி பண்றது?

டாக்டர்கிட்ட போகணும்தான். மாசக்கணக்குல இழுத்தாலே காட்டணும், உங்களுக்கு வருஷமே ஆயிடுச்சு. வீட்டுல சரளமா பேசிட்டு ஸ்கூல்ல குரலே வராததுக்கு செலக்டிவ் மியூட்டிசம்னு பேரு, அது அடமும் இல்ல திமிரும் இல்ல, அதுவா இதுன்னும் அவங்க பாப்பாங்க. ஊட்டி அரசு மருத்துவமனைல மனநல டாக்டரைக் கேளுங்க, அதுக்கு முன்னாடி பேசணும்னா அரசோட மனநல ஹெல்ப்லைன் டெலி மானஸ் நம்பர் 14416, ஃப்ரீதான், தமிழ்லயே பேசலாம். பெரும்பாலும் இப்படிப் படிப்படியா பழக்குற சிகிச்சைதான் முதல்ல தருவாங்க, அம்மா அப்பாவையும் உக்கார வைப்பாங்க. எங்க போறோம்னு பாப்பாகிட்ட முன்னாடியே சொல்லிடுங்க. இவரையும் கூட்டிட்டுப் போங்க, ஹாஸ்டல் பேச்சை அவர் அங்கயே டாக்டர்கிட்ட கேட்டுக்கட்டும்.