எங்கள் தொண்டு நிறுவனத்தின் இணையதளத்தை மாற்றுத்திறனாளிகளும் எளிதாகப் பயன்படுத்த என்ன செய்ய வேண்டும்?

முழுத் தளத்தையும் ஒரே மூச்சில் சரிசெய்யப் பார்க்காதீர்கள். நன்கொடைப் படிவத்தில் தொடங்குங்கள். உதவி கேட்டு விண்ணப்பிக்கும் படிவம் இருந்தால் அதுதான் முதலில். மவுஸை ஓரமாக வைத்துவிட்டு, விசைப்பலகையை மட்டும் கொண்டு படிவத்தை நிரப்பி அனுப்பிப் பாருங்கள். எந்தக் கட்டத்தில் நிற்கிறோம் என்று திரையில் தெரியவில்லையா? பலர் அங்கேயே திரும்பிப் போயிருப்பார்கள்.

அப்புறம் திரையில் இருப்பதைக் குரலில் படித்துச் சொல்லும் என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பானை நிறுவி, அதே படிவத்தைக் காதால் கேளுங்கள். கட்டத்துக்குள் மங்கலாக ‘பெயர்’ என்று போட்டிருப்பது தட்டச்சு செய்ததும் மறைந்துவிடும். மறையாத லேபிள் வேண்டும். நிரலிலும் அது அந்தக் கட்டத்தோடு இணைந்திருக்க வேண்டும். பிழையைச் சிவப்பு நிறத்தால் மட்டும் காட்டினால், பார்வையற்றவருக்கு எதுவுமே நடக்காதது போலிருக்கும். ‘தொலைபேசி எண்ணில் ஓர் இலக்கம் குறைகிறது’ என்று எழுத்தில் சொல்லுங்கள்.

சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 நிற மாறுபாடு வேண்டும் என்கிறது 2023இல் வெளியான டபிள்யூசிஏஜி 2.2 என்ற சர்வதேச இணைய அணுகல் வழிகாட்டி (அதன் நடு நிலையான ஏஏ). படத்தைச் சொற்களில் விவரிக்கும் மாற்று உரை, காணொளிக்கு வசனவரி, இதெல்லாம் உங்களுக்கே தெரிந்திருக்கும். ஆனால் ஸ்கேன் செய்து ஏற்றிய ஆண்டறிக்கையை யாரும் கவனிப்பதில்லை. திரைவாசிப்பானுக்கு அது வெறும் படம்.

ஒரு வரி நிரலைச் சேர்த்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று விற்கப்படும் ஓவர்லே கருவிகளை (தளத்தின் மேல் ஓர் அடுக்காகச் சேர்ப்பவை) நான் பரிந்துரைக்க மாட்டேன். அந்தப் பணத்தை மாற்றுத்திறனாளிகள் சிலருக்கு ஊதியமாகக் கொடுத்துத் தளத்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். தொண்டு நிறுவனம்தானே என்று இலவசமாகக் கேட்காதீர்கள்.