ஆனர்ஸ் எடுத்தால் கல்லூரிச் செலவு குறையுமா?

கேள்வி: அட்லாண்டாவுக்கு வடக்கே கம்மிங்கில் இருக்கிறோம். மகள் ஆகஸ்டில் ஒன்பதாம் வகுப்புக்குப் போகிறாள். கணக்கு, அறிவியல், ஆங்கிலம், வரலாறு நான்கையும் ஆனர்ஸாக (சாதாரண வகுப்பைவிடக் கடினமான வகுப்பாக) எடுத்தால்தான் ஜார்ஜியா மாநிலம் கல்லூரிப் படிப்புக்குத் தரும் ஹோப் ஸ்காலர்ஷிப் கிடைக்கும் என்கிறார் கணவர். அதற்காக மாதம் 500 டாலருக்கு ட்யூஷனும் பேசி வைத்திருக்கிறார். ஆங்கிலமும் வரலாறும் அவளுக்கு நன்றாக வரும். கணக்கு நோட்டை எடுத்தாலே அழுகிறாள். இந்தச் செலவைச் செய்யலாமா?

பதில்: சகோதரி, உங்கள் விசா நிலையை நீங்கள் எழுதவில்லை. ஹோப் கிடைக்க மாணவி அமெரிக்கக் குடிமகளாகவோ கிரீன் கார்டு போன்ற தகுதி உள்ளவராகவோ இருக்க வேண்டும். எச்-1பி விசாவில் வேலை பார்ப்பவரின் குடும்பத்துக்குத் தரும் எச்-4 விசாவில் இருந்தால் எத்தனை ஆனர்ஸ் எடுத்தாலும் ஹோப் கிடையாது. கிரீன் கார்டு வரிசையில் காத்திருக்கும் நம் குடும்பங்கள் பலருக்கு இது பன்னிரண்டாம் வகுப்பில்தான் தெரியவருகிறது. பார்க்கவே வேதனையாக இருக்கிறது.

தகுதி உண்டு என்றே வைத்துக்கொள்வோம். ஹோப்புக்குத் தேவை 3.0 ஜிபிஏ, அதாவது நான்குக்குக் கணக்கிடும் மதிப்பெண் சராசரி. அதை மாநிலம் தனியாகக் கணக்கிடுகிறது. ஆனர்ஸ் பாடத்துக்குப் பள்ளி கூட்டிக் கொடுக்கும் மதிப்பெண்ணை அதில் கழித்துவிடுவார்கள். உங்கள் மகள் ஆனர்ஸ் கணக்கில் 78 வாங்கி, பள்ளி 5 கூட்டி 83 என்று ரிப்போர்ட் கார்டில் போட்டாலும், ஹோப் கணக்கில் அது 78, அதாவது சி, 2.0தான். அதே பிள்ளை சாதாரண வகுப்பில் 86 வாங்கினால் பி, 3.0. பள்ளியிலேயே படிக்கும் கல்லூரித் தரப் பாடங்களான ஏபி போன்றவற்றுக்குச் சலுகை உண்டு: பி வாங்கினால் 3.5 என்று எடுத்துக்கொள்வார்கள்.

ஹோப் கேட்கும் நான்கு கடினப் பாடங்களின் பட்டியலிலும் ஆனர்ஸ் என்ற முத்திரை தேவையில்லை. சாதாரண அல்ஜீப்ரா 2, வேதியியல் போன்றவையே அதில் வரும். ஆக, உங்கள் கணவர் சொல்வது சரியில்லை.

அதற்காக ஆனர்ஸே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஜார்ஜியா டெக், யுஜிஏ (ஜார்ஜியா பல்கலைக்கழகம்) போன்ற இடங்களில் சேர்க்கைக்கு எவ்வளவு கடினமான பாடங்கள் எடுத்தாள் என்று பார்ப்பார்கள். ஒன்பதில் ஆங்கில ஆனர்ஸ் எடுத்துப் பழகிய பிள்ளைக்குப் பதினொன்றில் ஏபி எளிதாக வரும். ஒரு ஏபி தேர்வுக்குச் சுமார் 100 டாலர். நல்ல ஸ்கோர் வந்தால் கல்லூரியில் ஒரு பாடத்தின் கட்டணமே மிச்சமாகலாம். எனவே ஆங்கிலமும் வரலாறும் ஆனர்ஸ், கணக்கு சாதாரணம். அறிவியலை அவளே முடிவு செய்யட்டும்.

ட்யூஷனை இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள். மாதம் 500 என்றால் நான்கு வருடத்தில் 24,000 டாலர். ஹோப் கல்லூரியின் படிப்புக் கட்டணத்தை மட்டும்தான் பார்த்துக்கொள்ளும்; விடுதி, சாப்பாடு, புத்தகம் எல்லாம் உங்கள் கையிலிருந்துதான். அந்தப் பணத்தை ஜார்ஜியாவின் பாத்2காலேஜ் 529 என்ற கல்லூரிச் சேமிப்புக் கணக்கில் போடுங்கள். கணவன் மனைவி சேர்ந்து வரி தாக்கல் செய்தால், ஒரு பிள்ளைக்கு வருடம் 8,000 டாலர் வரை, மாநில வருமான வரி போடும் வருமானத்திலிருந்து கழிக்கலாம். நீங்கள் போடும் 6,000 முழுவதும் அதற்குள் அடங்கிவிடும். கணக்கில் ஒரு அத்தியாயம் புரியவில்லை என்றால் அந்த மாதம் மட்டும் ட்யூஷன் வையுங்கள்.

பள்ளி தொடங்கியதும் மகள் பெயரில் மாநிலத்தின் கல்லூரி உதவித் தளமான ஜிஏஃப்யூச்சர்ஸில் கணக்கு திறந்துவிடுங்கள். மாநிலம் கணக்கிடும் ஹோப் ஜிபிஏவை அங்கேயே பார்க்கலாம். உங்கள் கணவரையும் பக்கத்தில் உட்காரவைத்துப் பாருங்கள்.